பத்தடி தள்ளி ஒரு கைராசி

அறுவைசிகிச்சை ரோபோவுக்கு சர்வீஸ் என்ஜினியர் என்றால் ஊரில் பெரிய விஞ்ஞானி என்று நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலோ ஏசி ஓடவில்லை என்றாலும் நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். போன் அடித்தால் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடும் சர்வீஸ் இனத்தாரே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடமாக நான்கு கை மெஷின் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். டாக்டர் பத்தடி தள்ளி உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி ஒரு பிடியை அசைப்பார். மெஷினின் கைகள் நோயாளியின் வயிற்றுக்குள் அதையே சின்னதாகச் செய்யும்.

ராசி எங்கே இருக்கிறது

டாக்டர் கிரேஸ் நாசரேத்துக்காரர். கைராசிக்காரர் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேர். மெஷின் வந்த புதிதில் திருச்செந்தூரில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா ஆபரேஷனுக்கு வந்தார். டாக்டர் தொடவே மாட்டார், மெஷின்தான் தொடும் என்று நான் பெருமையாக விளக்கினேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே வந்து, மயக்க ஊசி போடும் முன் அவர் நெற்றியில் கை வைத்து நின்றார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்குப் போகும்போது அக்கா என்னிடம் சொன்னது: "மெசினு என்னமும் செய்யட்டும் தம்பி. ராசி அந்தக் கையிலல்லா இருக்கு!"

கயிறு பிடிக்கிறவன்

குடலிறக்கத்துக்காக ஒரு அண்ணாச்சி வந்திருந்தார். சங்கு குளிக்கிறவர். டாக்டர் நெற்றியில் வைத்த கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "கடலுக்குள்ள கெடக்கும்போது, மேல படகுல கயித்தப் பிடிச்சிருக்கவன் கை லேசா ஆடுனாலும் கீழ எனக்குத் தெரிஞ்சிரும். டாக்டரம்மாவுக்குக் கை நடுங்குது தம்பி" என்றார்.

ஏசி குளிர் அண்ணாச்சி என்று சமாளித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "குளிருல நடுங்குத கை வேற. இது வேறலே தம்பி."

பச்சை டிக்

அவருடைய ஆபரேஷன் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. மெஷினில் கை நடுக்கத்தை வடிகட்டும் ஏற்பாடு உண்டு. பிடி கொஞ்சம் ஆடினாலும் உள்ளே இருக்கும் கத்தி ஆடாது. ஆனால் பிடியில் பட்ட அசைவு அப்படியே பதிவாகும். அதைத் திறக்கும் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான். திறந்து பார்த்தேன். ஆறு மாதத்துக்கு முன் நேராக ஓடிய கோடு, மாதாமாதம் கோணிக்கொண்டே வந்திருந்தது.

சொன்னால் அந்தம்மாவின் முப்பது வருட வேலை போகும். சொல்லாமல் விட்டு, வடிகட்ட முடியாத அளவுக்கு ஒருநாள் நடுக்கம் முற்றிவிட்டால், மேஜையில் படுத்திருப்பவர் கதி? யார் எவர் என்று சொல்லாமல் எங்கள் கம்பெனி மேனேஜரிடம் போனில் கேட்டேன். அவருக்கு இன்னொரு அழைப்பு காத்திருந்தது. "லிமிட்டுக்குள்ளதானே இருக்கு? மாச ரிப்போர்ட்டுல பச்சைன்னு டிக் பண்ணி அனுப்புப்பா."

யாரோட அம்மா

ஐந்து மாதம் பச்சை டிக் போட்டேன். ஒவ்வொரு ஆபரேஷன் முடிந்ததும் ஒன்றும் ஆகவில்லை என்று மூச்சு விடுவேன். ஆறாவது மாதம் ஏரலிலிருந்து என் அம்மா வந்தாள். பித்தப்பையில் கல். கிரேஸ் டாக்டர் கைதான் வேண்டும் என்று ஒரே பிடி.

நான் டாக்டர் அறைக்குப் போய், அம்மாவுக்கு மட்டும் ஜூனியர் டாக்டர் செய்யட்டுமே என்று இழுத்தேன். ஏன் என்று கேட்டார். லேப்டாப்பைத் திறந்து அந்தக் கோட்டைக் காட்டினேன்.

"ஸ்கிரீன்ல கத்தி நேராத்தானே ஓடுச்சு... காபி கப்பு ஆடும்போது, வயசாகுதுன்னு நினைச்சேன்" என்றார். கோபமே இல்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போதும் விரல் ஆடியது. "அப்போ இந்த அஞ்சு மாசம் வந்தவங்கல்லாம் யாரோட அம்மா, பேச்சிமுத்து?"

நெற்றி

இனி ஆபரேஷன் செய்வதில்லை என்று மறுநாளே நிர்வாகத்துக்கு அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. ஜூனியர்தான் செய்வார், நான் பக்கத்திலேயே நிற்கிறேன் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அம்மா சம்மதித்தாள். ஊசிக்கு முன் அவர் வந்து அம்மாவின் நெற்றியில் கை வைத்து நின்றார். பார்க்க முடியாமல், கேபிளைச் சரிபார்ப்பதுபோல் நான் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் கஞ்சியைக் குடித்துவிட்டு அம்மா சொன்னாள்: "ஏலே, எந்நெத்தியில வச்ச கை கெடந்து நடுங்குச்சு. எனக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு அந்தம்மா எப்படிப் பயந்திருக்காவ பாரு!"

நடுக்கத்தை வடிகட்டும் பாகம் மெஷினில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். ஐந்து மாதம் அது எனக்குள் எங்கே ஓடியது என்றுதான் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.