இரண்டு தெரு தூரம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மாவு இழுத்தது. பளிங்கு மேசையின் அந்த முனையில் அவர், இந்த முனையில் நான். மாவு கிழியக் கூடாது; ஆனால் அடியில் கை வைத்தால் விரல் தெரிய வேண்டும். பிறகு கொழுப்புத் தடவிச் சுருட்டினோம். அது வெள்ளிக்கிழமை. ஞாயிறு விடிவதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

மால்டாவில் ஸப்பர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே விஸ்தின் என்கிற என் அப்பாவின் பஸ்தித்ஸிக் கடை. பஸ்தித்ஸி என்பது அந்த மாவில் பட்டாணியோ பாலாடைக்கட்டியோ வைத்து மடித்துச் சுட்டது. சூடாக இருக்கும்போது யாராலும் ஒன்றோடு நிறுத்த முடியாது.

இந்த ஆண்டு பள்ளி நர்ஸ் பிள்ளைகளை எடை போட்டாள். பாதிப் பேர் வயதுக்கு மீறிய எடை. என் மகள் எலிசியாவும் அதில் ஒருத்தி. விளையாட்டு வகுப்பு உள்ள நாட்களில் அவளுக்கு வயிற்றுவலி வரத் தொடங்கியது. பிறகு எல்லா நாட்களிலும் வந்தது.

தாய்மார்கள் அப்பாவின் கடையைக் குற்றம் சொன்னார்கள். எங்கள் தெரு தோரிஸ் காரை நடுவழியில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே வந்து சண்டை போட்டாள்.

"தோரிஸ், உன் வீட்டுல பால் பொங்கினா எனக்கு இங்க வாசனை வருது. இதுக்கு எதுக்கும்மா காரு?" என்றார் அப்பா.

வெயிலில் பிள்ளை கருகிவிடும் என்றாள். நான்கு பஸ்தித்ஸி வாங்கிக்கொண்டு போனாள். நானும் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கு எலிசியாவைக் காரில் கொண்டுபோய் விடுகிற அம்மாதான்.

நான் லிஃப்ட் பொறியாளர். அதையும் அவர் விட்டுவைக்கவில்லை. "நீ ஜனங்கள படி ஏற விடுறதில்ல. நான் கொழுப்பு விக்கிறேன். இந்த ஊரக் கெடுக்க நம்ம ஒரு குடும்பம் போதும்."

ஆனாலும் உள்ளே உறுத்தியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கென்று பாதி அளவில் செய்து பார்த்தார். சின்னதுதானே என்று தாய்மார்கள் தலைக்கு மூன்று வாங்கினார்கள். மூன்று பாதி ஒன்றரை என்றேன். "உன் கணக்கு சரிதான். ஊர்க் கணக்கு வேற" என்று அதை நிறுத்திவிட்டார்.

அந்தக் கடைசி வாரத்தில் ஒரு மாலை எலிசியா கடைப் படியில் உட்கார்ந்து கேட்டாள். "தாத்தா, நான் குண்டானது யாரால?"

எதற்கும் கிண்டல் வைத்திருப்பவர், கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னால கொஞ்சம். உங்கம்மா காரால கொஞ்சம். இந்த ஊரால நெறைய. உன்னால இல்ல."

திங்கள் முதல் எட்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, அவளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போவதாகச் சொன்னார். எட்டு மணிதான் கடையில் கூட்டம் நெரியும் நேரம்.

"நீங்களே கடைக்கு வேன்ல தான போறீங்க?" என்றாள் எலிசியா.

"அதான் என் தொப்பையப் பாக்குறியே."

நடப்பதற்கு அவரிடம் ஒழுங்கான ஷூ இல்லை. ஊர்த் திருவிழாவுக்குப் போடும் ஒரு ஜோடி, அடி பிய்ந்து கிடந்தது. அதைச் செருப்பு தைக்கும் நேனுவிடம் கொடுத்தார். சனிக்கிழமை வாங்கப் போகவில்லை; கூட்டம். திங்கள் போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

அடக்கம் முடிந்த மறு திங்கள் காலை, எலிசியா பையோடு வாசலில் நின்றாள். காரின் பக்கம் போகவில்லை. நடந்தோம். இரண்டாவது தெருவில் நேனுவின் கடை. கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் ஷூ, புது அடியோடு, யாராவது வந்து வாங்கிப் போவதற்காகக் காத்திருந்தது.