ஆளில்லாத படம்

சின்னு, நீ எடுத்த மண்ணரைக் குளத்துப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பிரேம் போடக் கொடுத்திருந்தேன்; இன்று கடையில் போய் வாங்கினேன்.

"ஏனுங்கக்கா, காமாலையில தவறிப்போன உங்க பையனுக்குன்னு சொன்னீங்க. படத்துல ஆளே இல்லீங்களே?" என்றார் கடைக்காரர்.

"எடுத்தவன் அவனுங்க. கேமராவை யாருகிட்டயும் குடுக்கமாட்டான். அவன் மொகம் இருக்கற படம் ஒண்ணுகூட எங்க ஊட்டுல இல்லீங்க."

வழக்கம்போல் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைக்க விரலை நீட்டியவர், எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்.

"தண்ணியில நிக்கற அந்தக் கொக்குக்கு வெச்சுரலாமுங்களா?"

நீ போன பிறகு இன்றுதான் சிரித்தேன்.

"மூலையில வெச்சுடுங்க" என்றேன்.

சுவரில் மாட்டியாயிற்று. "சீனரி நல்லாயிருக்குதுங்க" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

படத்தின் அடியில் கரையே தெரியவில்லை, தண்ணீர்தான் இருக்கிறது. ஏஞ்சாமி, பேன்ட்டை நனைத்துக்கொண்டு குளத்துக்குள் இறங்கியா எடுத்தாய்?