கட்டம் போட்டு வேதம் படித்த ஜீவரத்தினம்

ஜீவரத்தினம் இறந்த செய்தி அவள் ஊரான தளியிலிருந்து வரும் பஸ்ஸில் வந்தது. அவளுடைய அப்பா யாரிடமோ சொல்லி எழுதி அனுப்பிய கடிதத்தைக் கண்டக்டர் எங்கள் பள்ளி வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். எஸ்தர் டீச்சர் அப்போது எங்கள் நாலாம் பாரம் வகுப்புக்குப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டுச் சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். "எல்லாரும் எழுந்து நில்லுங்க. நம்ம ஜீவரத்தினம் போயிட்டா" என்றார். விஷக்காய்ச்சல். விடுதியிலிருந்து அவளை வீட்டுக்கு அனுப்பிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

வகுப்பு முழுவதும் அழுதது. நானும் அழுதேன். ஆனால் அழுகைக்கு முன்னால் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இனி வேதப்பாடத்தில் முதல் பரிசு எனக்குத்தான் என்ற நினைப்பு. வந்த வேகத்தில் போய்விட்டது. ஆனாலும் முதலில் வந்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் நினைவாக வாசிக்க ஒரு தாள் எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன். எஸ்தர் டீச்சர் திருத்தியும் கொடுத்துவிட்டார். ஜீவரத்தினம் அமைதியானவள், எதையும் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிந்தவள் என்று அதில் இருக்கிறது. ஆராதனையில் அதைக் கேட்டால் அவளை அறிந்த உங்களுக்குச் சிரிப்புதான் வரும். அதனால் எல்லோரும் படுத்த பிறகு விடுதியில் பெட்டிகள் வைக்கும் அறையில் உட்கார்ந்து இந்த இரண்டாவது தாளை எழுதுகிறேன். டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று ஒவ்வொரு வரிக்கும் நிறுத்திப் பார்க்கிறேன்.

நான் காவேரிப்பட்டினம் சபையில் வேதம் போதிக்கும் உபதேசியாரின் மகள். பேச்சு வந்த நாளிலிருந்து வசனம் சொல்கிறேன். விடுதியில் எனக்கு 'வசனப் பெட்டி' என்று பெயர். எந்த அதிகாரத்தைக் கேட்டாலும் சொல்வேன். அப்படியிருக்கும்போது, தளியில் முட்டைக்கோஸ் பயிரிடும் ஒருவரின் மகள் எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அவர்கள் குடும்பம் ஞானஸ்நானம் பெற்று ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டில் கன்னடம் பேசுவார்கள். தமிழை இழுத்து இழுத்துப் பேசுவாள். இவளால் எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

எங்கள் விடுதியில் ஆளுக்கொரு வசனம் சொன்ன பிறகுதான் தட்டின் முன் உட்கார முடியும். பசி வேளையில் பாதிப் பேர் வேதத்திலேயே சின்ன வசனமாகப் பார்த்து, இயேசு கண்ணீர் விட்டதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஜீவரத்தினம் வந்த முதல் நாள் லில்லி அக்கா அப்படித்தான் செய்தாள். பக்கத்தில் நின்ற ஜீவரத்தினம், "ஏங்க்கா அழுதாரு?" என்று கேட்டாள்.

"களி ஆறிப்போவுதேன்னுதான்" என்றாள் லில்லி அக்கா. வரிசையே சிரித்தது. ஜீவரத்தினமும் சிரித்தாள். ஆனால் விடவில்லை.

"இல்லக்கா, நெசமாத்தான் கேக்கறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல செத்துப்போன லாசருவ உயிரோட எழுப்பப் போறாரு. அது அவருக்கே தெரியும். அப்புறம் எதுக்கு அழணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அதிகாரம் முழுவதையும் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்து நான் பரிசு வாங்கியிருந்தேன். அதற்குள் இப்படி ஒரு கேள்வி இருப்பது எனக்குத் தெரியாது. "அதெல்லாம் பாதிரி ஐயருங்க விஷயம். நீ வசனத்தச் சொல்லிட்டு உக்காரு" என்றேன். அன்றைக்கே அவள்மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

அவளுடைய கட்ட நோட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். டிராயிங் நோட்டின் பக்கத்தில் நான்கு பத்தி பிரித்துக் கோடு போட்டு, மேலே மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று எழுதியிருப்பாள். ஒரே சம்பவத்தை இயேசுவின் வரலாறு எழுதிய இந்த நால்வரும் எப்படிச் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுவாள். ஒருவர் சொல்லாமல் விட்டதற்கு வெறுங்கட்டம் இருக்கும். ஒத்துப்போகாத இடத்தில் பென்சிலால் 'தெரியல' என்று எழுதுவாள். நான் ஒருநாள் அதை வாங்கிப் புரட்டிக்கொண்டே, எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"எங்கப்பாவாலதான். அவருக்குப் படிக்கத் தெரியாது. லீவுக்குப் போனா நான் படிச்சுச் சொல்லணும். அவரு ஊருல வரப்புத் தகராறுக்குப் பஞ்சாயத்து பேசறவரு. 'நேத்து இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில இருந்த ரெண்டு கள்ளனும் ஏசினாங்கன்னே. இன்னிக்கு ஒருத்தன் ஏசினான், ஒருத்தன் வேண்டிக்கிட்டான்ங்கறே. எதுடி?'ன்னு மடக்குவாரு. அதுக்குத்தான் எழுதி வெச்சுக்கறேன்."

"அப்போ வேதம் பொய்யா?" என்றேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று எனக்கு ஆசையாக இருந்தது.

"எங்கப்பா சொல்வாரு, நாலு சாட்சியும் ஒரே மாதிரி ஒப்பிச்சா எவனோ சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்கான்னு."

"உனக்கு எல்லாம் சரியாப் போச்சா?"

"எங்க சரியாச்சு? பாதிக்குப் பாதி தெரியலன்னுதான் கெடக்குது" என்று சிரித்தாள்.

அன்று இரவு ஜெபத்தில் அவள் என் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தாள். "ஆண்டவரே, இந்தக் கள்ளனுங்க விஷயம் எனக்குப் புரியல, எப்பவாவது சொல்லுங்க" என்று முணுமுணுத்தாள். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போல இருந்தது. எனக்கு அப்படி ஒருநாளும் வந்ததில்லை. நான் அப்பா சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். அவள் மார்க்கைவிட இதுதான் என்னை அதிகம் எரித்தது. சந்தேகப்படுகிறவள் அவள், நம்புகிறவள் நான். பிறகு எப்படி அவளுக்கு மட்டும் கேட்க ஆள் இருக்கிறார்?

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் இயேசு சிலுவையில் பட்ட பாடுகளை நான் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்று முடிவாகியிருந்தது. என் அப்பாவும் காவேரிப்பட்டினத்திலிருந்து வந்திருந்தார். முந்தின நாள் ஜீவரத்தினம் என்னிடம் நோட்டைக் காட்டி, "கிருபா, சிலுவையில அவரு சொன்ன ஏழு வார்த்தையும் ஒருத்தருகிட்டயும் முழுசா இல்ல, பாத்தியா? மத்தேயுவும் மாற்குவும் அதே ஒரு வார்த்தையத்தான் சொல்றாங்க. லூக்காகிட்ட மூணு, யோவான்கிட்ட மூணு. நாலு பேரயும் படிச்சாத்தான் ஏழு" என்றாள். கண்டுபிடித்ததை முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்திருந்தாள். மறுநாள் நான் பீடத்தின் முன் நின்று கள்ளர்கள் வரைக்கும் நன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அங்கே எனக்கு நான்கு கட்டங்கள் கண்முன் வந்தன. இரண்டு பேரா, ஒருவனா? நின்றுவிட்டேன். ஐயர் மெதுவாக எடுத்துக் கொடுத்தும் வரவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆராதனை முடிந்ததும் நேராக எஸ்தர் டீச்சரிடம் போனேன். "டீச்சர், ஜீவரத்தினம் வேதத்துல தப்புக் கண்டுபிடிச்சு ஒரு நோட்டு நெறைய எழுதி வெச்சிருக்கா. பிள்ளைங்களுக்கும் காட்டறா" என்றேன்.

நோட்டு ஐயரிடம் போனது. பேராயர் வந்து திருவிருந்தில் சேர்க்கும் திடப்படுத்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாங்கள் ஒன்பது பேரும் அங்கேயே இருந்தோம். ஐயர் கோபப்படவில்லை. அவளை முன்னால் கூப்பிட்டு, "உனக்கு விசுவாசம் இருக்கா, அம்மா?" என்று கேட்டார்.

"இருக்குங்க ஐயா. இல்லேன்னா இத்தன நேரம் ஒக்காந்து படிப்பேனா?"

"இப்படித் துருவித் துருவிப் படிச்சா அது கொறையலையா?"

இல்லை என்று ஒரு பொய் சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள். அவள் யோசித்துவிட்டு, "சில நாளு கொறையுதுங்க. மறுபடி படிச்சா வருது. வர்றப்போ முன்ன இருந்ததவிடக் கெட்டியா வருது" என்றாள்.

ஐயர் நோட்டை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு, "ஒரு வருஷம் போகட்டும். அடுத்த தடவை பேராயர் வரும்போது பாக்கலாம்" என்றார். அந்த அடுத்த வருஷம் அவளுக்கு இல்லை என்று ஐயருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பேராயர் சேலத்திலிருந்து வந்தார். நாங்கள் எட்டுப் பேரும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முதல் முறையாகத் திருவிருந்தில் சேர்ந்தோம். அப்பத்தை வாயில் வாங்கியபோது ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் ஜீவரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். கிடைக்காதவளுக்கு முகம் அப்படி இருந்தது, கிடைத்தவளுக்கு இல்லை. அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

காய்ச்சலோடு அவளை வீட்டுக்கு அனுப்பிய அன்று, படுக்கையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் நான்தான் போனேன். கண்டக்டர் மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "டீச்சர்கிட்ட சொன்னது நீதானே, கிருபா?" என்றாள். நான் படுக்கையைக் கண்டக்டரிடம் கொடுக்கத் திரும்பினேன். "நீ ஒண்ணும் பொய் சொல்லல. பாதிதான் சொன்னே. மீதியயும் சொல்லிடு" என்றாள்.

"மீதிய நீயே சொல்லலாமே" என்றேன்.

"எனக்கு நானே சாட்சி சொன்னா யாரு நம்புவாங்க?" என்றாள். பஸ் புறப்பட்டது.

வியாழக்கிழமை அவளுடைய அப்பா பெட்டியை எடுத்துப்போக வந்தார். ஐயர் நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய்விட்டார். அவளுடைய அப்பா வராந்தாவில் உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டார். "நீதான் கிருபாவா, கண்ணு? உன்னப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பா. வேதம் பூரா உனக்கு வாயிலயே இருக்குதாமே. எங்க பாப்பா எந்த எடத்துல விட்டுச்சுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்றார்.

கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். இயேசு உயிர்த்தெழுந்த காலை. கல்லறைக்கு எத்தனை பெண்கள் போனார்கள், எத்தனை தூதர்கள் இருந்தார்கள் என்ற இடங்களில் எல்லாம் 'தெரியல' என்று இருந்தது. அடியில், நான்கு கட்டத்தையும் சேர்த்து ஒரே வரியாக எழுதியிருந்தாள்: கல்லறையை மூடிய கல் விலகிக் கிடந்தது என்று நான்கு பேரும் சொல்கிறார்கள்.

அதை நான் படித்துக் காட்டியதும் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுத்துவிட்டு, "எங்க பாப்பாவுக்கு ஏம்மா அப்பம் குடுக்கல? யாரோ கோள் சொல்லிட்டாங்களாம். எத்தன கேட்டும் பேரச் சொல்ல மாட்டேன்னுட்டா. உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன்.

அவள் அந்தச் சொல்லை ஒருமுறைகூடப் பொய்யாக எழுதியதில்லை.

ஆராதனையில் இந்தத் தாளைப் படித்தால் விடுதியிலிருந்து என்னை அனுப்பிவிடலாம். அப்பாவின் உபதேசியார் வேலைக்கே கெட்ட பெயர் வரலாம். என் விசுவாசம் கூடியதா குறைந்ததா என்று ஐயர் கேட்டால், இப்போதைக்குக் குறைந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்த அதிகாரங்களை இந்த வாரம் முதல் முறையாக மெதுவாகப் படிக்கிறேன். பயமாக இருக்கிறது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பொறாமைதான். அவளுக்கு வந்ததாகச் சொன்னது எனக்கும் வராதா என்ற பொறாமை. அதுதான் என்னை மறுபடி மறுபடி புத்தகத்தைத் திறக்க வைக்கிறது. அதை விட்டுவிட எனக்கு மனம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தளியிலிருந்து அவளுடைய அப்பா வருவார். முன் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். டீச்சர் திருத்திய தாளை மடித்து வைத்துவிட்டு இதை எடுப்பேன். இந்த இடத்துக்கு வரும்போது தாளிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஐயா, உங்கள் மகள் விசுவாசமில்லாதவள் என்று எல்லோரும் நினைக்கும்படி செய்தது நான். அவள் ஜெபம் பண்ணியதைப் பக்கத்திலிருந்து கேட்டதும் நான்தான்.