கிணற்றடிக்குப் போன பலகைகள்

மழை விட்ட காலையில் நனைந்த பனம்பலகையிலிருந்து எழும் மணத்தை நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். பழைய சாக்கு நனைந்தது போன்ற ஒரு மணம், அதன்மேல் "டொக், டொக்" என்று நகரும் அம்மாவின் ஊன்றுகோல், கடைசியில் கிறீச்சிடும் கிணற்றுக் கப்பி. அந்தக் கப்பிச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் பாயை விட்டு எழுந்திருப்பேன். அம்மா விழாமல் கிணற்றடியை அடைந்துவிட்டார் என்று அதற்குப் பொருள்.

நாங்கள் மீளக் குடியேறித் தர்மபுரத்தில் வீடு கட்டிய காலம் அது. நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். போரின் கடைசி மாதங்களில் அம்மா வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்திருந்தார். கோடையில் ஒரு தொல்லையும் இல்லை. மாரி பிறந்ததும் ஊன்றுகோல் முற்றத்துச் சேற்றில் புதைந்து நின்றது. குளிக்கப் போவதென்றாலும் ஒருவர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஊர்க்கதையெல்லாம் வாயில் வைத்திருந்த அம்மா அந்த நாட்களில் பேச்சையே குறைத்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத அப்பா, விழுந்து கிடந்த பனையொன்றைப் பிளப்பித்து, சமைக்கும் குசினி வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் நிலத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பலகைத் தளம் அடித்தார். நாங்கள் அதற்குப் "பாலம்" என்று பெயர் வைத்தோம். கீழே ஒரு வாய்க்கால்கூட இல்லாத பாலம் என்று அயலவர்கள் சிரித்தார்கள். அம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் நாள் மட்டும் மூன்று தரம் குளித்தார்.

அடுத்த காணியில் அப்பாவின் தமக்கை, எங்கள் மாமி, இருந்தார். சுத்தம் என்றால் உயிரை விடுகிறவர். தைப்பொங்கலுக்கு முதல்நாள் மாலை எங்கள் முற்றத்தைச் சாணித் தண்ணீரால் மெழுகிக்கொண்டே வந்தவர், பாலத்தைக் கண்டதும் நிறுத்தவில்லை. "முத்தம் முழுக்க மெழுகிப்போட்டு இதை மட்டும் சும்மா விடுறதே? விடிஞ்சாச் சூரியனுக்குப் பொங்கிறம்" என்று சொல்லிப் பலகைகளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அன்போடு மெழுகிவிட்டார். மண் சாணியைக் குடித்து இறுகும், பலகை குடிக்காது. பாசி பிடிக்கத் தொடங்கியிருந்த மரத்தில் அந்தச் சாணி இடுக்கெல்லாம் தேங்கி, பனியும் பெய்து, விடியும்போது வெண்ணெய் பூசியது போலக் கிடந்தது.

அன்று எனக்குக் கப்பிச் சத்தம் கேட்கவில்லை. ஊன்றுகோல் பலகையில் உருண்டு போன சத்தம்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், தோளில் போட்டிருந்த புதுச்சேலை சேற்றில் கிடக்க, அம்மா முழங்கையைப் பிடித்தபடி பலகையில் இருந்தார். நல்ல காலம், எலும்பு முறியவில்லை. மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்பா பொங்கல் பானை இறங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, பலகைகளைக் கிளப்ப இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது சரிவராது. நான் தண்ணி அள்ளிக்கொண்டந்து வாசல்லயே தாறன். இன்னொருக்கா நீர் வழுக்கி விழுந்தா என்ன செய்யிறது?"

வீங்கிய கையோடு கதிரையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் குரல் நடுங்கியது. கோபத்தில்தான் நடுங்கியது. "இதைக் கழட்டினா நான் இந்தக் கதிரையோடதான். பலகையே என்னை விழுத்தினது? ஊத்தைதான் விழுத்தினது. ஊத்தையைக் கழுவுங்கோ, பலகையை விடுங்கோ."

அப்பா அலவாங்கைக் கீழே போட்டார். ஆனால் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, கிணற்றுக்குப் போட்டு மிஞ்சிய குளோரின் தூளையும் கக்கூஸ் கழுவும் அசிட்டையும் ஒரே வாளியில் கலக்கப் போனார். அம்மா போட்ட கூச்சலில் கோழிகள் வேலி தாண்டின. "ஐயோ, ரெண்டையும் கலக்காதேங்கோ! ஆசுப்பத்திரியில இப்பிடிக் கலந்த மனிசி மூச்செடுக்கேலாமல் விழுந்ததை நான் கண்ணால கண்டனான்." பிறகு அப்பா கம்பித் தூரிகையைத் தூக்கினார், அதையும் அம்மா வாங்கி வைத்துவிட்டார். கம்பியால் தேய்த்தால் பனையில் "சிராம்பு" கிளம்பி முள்ளாய்க் காலில் ஏறும், அம்மாவுக்கு மிச்சமிருந்ததோ ஒரேயொரு பாதம், அதுவும் வெறும் பாதம்.

கடைசியில், இடுக்கில் காய்ந்திருந்த சாணியை ஈர்க்கால் கிளறி எடுத்து, சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, தென்னந்தும்பு கட்டிய தும்புத்தடியால் மரத்தின் நார் ஓடும் பக்கமாகவே தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசினோம். மாமி அழுதுகொண்டே தேய்த்தார். அவர் தேய்த்த பலகைகள்தான் எல்லாவற்றிலும் பளிச்சென்று இருந்தன. வெயில் விழட்டும் என்று அப்பா மேலே கவிந்திருந்த முருங்கைக் கிளையை வெட்டினார். "காயுமட்டும் ஒருத்தரும் கால் வைக்கப்படாது" என்று அம்மா கதிரையிலிருந்து கட்டளையிட்டார், திரும்பி வந்த கோழிகளுக்கும் சேர்த்து.

மறுநாள் அம்மா நடந்தார். பின்னால் அப்பா, தொடாமல், ஒரு கையை மட்டும் நீட்டியபடி. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரியிலும், மழை விட்டுப் பாசி தலைகாட்டும் போதெல்லாம் நாங்கள் பாலத்தைத் தேய்த்தோம்; அம்மா நடக்கும் போதெல்லாம் அந்தக் கை பின்னாலேயே போனது. "எனக்கு ஒரு நிழல் போதாதே?" என்று அம்மா கேலி செய்தாலும் அப்பா கேட்டதில்லை.

தர்மபுரத்துப் பாலம் இப்போது இல்லை. கறையான் தின்றது போக மிஞ்சியது அடுப்புக்குப் போய், அந்த இடத்தில் சீமெந்துப் பாதை கிடக்கிறது. முற்றம் மெழுக மாமியும் இல்லை. நெளுக்குளத்தில் என் வீட்டுப் பின்வாசலில் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகைகளைப் போட்டிருக்கிறேன். "பாசியே பிடிக்காது அக்கா, கழுவவே தேவையில்லை" என்றுதான் கடைக்காரர் விற்றார். போன மாரியில் அதுவும் பச்சை பிடித்தது. இப்போது போட்டிருக்கும் செயற்கைக் காலோடு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்த அம்மா, வீட்டுக்குள் வருமுன் குனிந்து உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். "பிளாஸ்டிக்குக்கு வழுக்கத் தெரியாதெண்டு உனக்கு ஆர் சொன்னது? தும்புத்தடியைக் கொண்டா பிள்ளை."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தும் நான் நின்றும் தேய்த்து முடித்தோம். வெயிலில் காய்ந்தது. அம்மா எழுந்து பலகைகளின் மறுமுனைக்கு நடக்கத் தொடங்கியதும் என் கை தானாகப் பின்னால் நீண்டது. அப்பாவின் கையைத் தேடித் திரும்பினேன். அவர் கதிரையில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, வேலிக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவா நடப்பா," என்றார். "நீ கையை எடு."