துணியில் வந்த நீலம்

உவரியில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் படகு கடலில் உடைந்துபோனது. அதேபோல் சிறிய மர மாதிரி செய்யச் சொல்லி, அந்தப் படகுக்கு அடித்து மிஞ்சிய நீல எனாமல் பெயிண்டையும் என்னிடம் கொடுத்தார். மாதிரியைச் செய்து, நீலம் அடித்து முடித்தேன். பலகை இடுக்குகள் எடுப்பாகத் தெரியட்டும் என்று கறுப்புப் பெயிண்டை, எனாமலை இளக்கும் தின்னரில் நீர்க்கக் கரைத்துப் பூசி, வழிந்ததைத் துணியால் துடைத்தேன். நீலமும் சேர்ந்து வந்தது! பதறி இன்னும் துடைக்க, மரமே தெரிந்துவிட்டது. டப்பாவில் ஒரு சொட்டு இல்லை. அழுதுவிட்டேன்.

“நெசப் படகே போயிட்டு. இதுக்கு ஏம்லே அழுவுத?” என்ற அண்ணாச்சி, நீலம் படிந்த அந்தத் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது எனாமல் மேல் தின்னரைக் கொண்டுபோவதே இல்லை. தண்ணீரில் கரையும் கறுப்புதான்; அதையும் முதலில் அடிப்புறத்தில் தொட்டுப் பார்க்கிறேன். இதைத் தெரிந்துகொள்ள அந்த நீலம்தானா கிடைத்தது எனக்கு!