பூட்டியிருந்த மலசலகூடமும் புது அமைச்சரும்

புதுப் பெயிண்ட் வாசம் எங்காவது வந்தால் எனக்கு இன்னமும் உடனே ஒன்றுக்குப் போக வேண்டும் போலிருக்கும். சிரிக்காதீர்கள்... காரணம் இருக்கிறது.

நான் ஓ லெவல் படித்த வருடம், மடுல்கெல்லைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று புதிதாக மலசலகூடம் கட்டினார்கள். மூன்று அறைகள். கதவுகளின் உள்பக்கம் பளபளவென்று கொண்டி. இதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஏனென்றால் அது பூட்டிக் கிடந்தது; புதுப் பெயிண்ட் வாசம் மட்டும் வெளியே வந்தது.

வாசலுக்குக் குறுக்கே ரிப்பன். பக்கத்துச் சுவரில் அமைச்சரின் பெயர் வெட்டிய கறுப்புக் கல். கல்லுக்கு முன்னால் மனையியல் டீச்சர் தைத்த குட்டித் திரை. அமைச்சர் வந்து ரிப்பனை வெட்டினால்தான் கதவு திறக்கும்.

அமைச்சர் வரவில்லை. தேர்தல் வந்துவிட்டது.

அதுவரைக்கும் எங்களுக்குப் பழையதுதான் கதி. தகரக் கதவு, கொண்டி கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். எனக்குப் பிடிப்பவள் செல்வராணி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பவளுக்குத் துணையாகப் பாட்டும் பாடுவாள். ராகம் எப்போதும் பிழை.

நான் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தேன். செல்வராணி மாதத்தில் நான்கு நாள் வரவே மாட்டாள். வகுப்பு வாங்கில் என் பக்கத்து இடம் காலியாகக் கிடக்கும். "இப்பிடி விட்டு விட்டுப் போறதுக்கு வீட்டோடயே இருந்துரு" என்று அவள் அம்மா சொல்லத் தொடங்கியிருந்தார். ஓ லெவல் சோதனைக்கோ சில மாதங்கள்தான்.

நாங்கள் இருவரும் பள்ளிக்கூட அதிபரிடம் போய்ச் சாவி கேட்டோம். நல்ல மனிதர், ஆனால் இடமாற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குவார்.

"அமைச்சர் திறக்கிறதுக்கு முந்தி நீங்க உள்ள போனா, எனக்கு மறுநாளே ட்ரான்ஸ்ஃபர் வந்துரும்மா. எலெக்‌ஷன் முடியட்டும். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"எவ்வளவு நேரம் சேர் பொறுக்கிறது?" என்றாள் செல்வராணி.

அவர் கலண்டரைப் பார்த்தார். "ரெண்டு கிழமை, பதினாலு நாள்தான்."

தேர்தல் முடிந்தது. அரசாங்கம் மாறியது. எங்கள் அமைச்சர் தோற்றுப்போனார். ஜெயித்த கட்சிக்காரர்கள் பட்டாசு கொளுத்தி, வீடு வீடாகப் பாற்சோறு கொடுத்தார்கள். தோற்ற கட்சிக்காரர் வீடுகளுக்கு மட்டும் கேலிக்கு இரண்டு துண்டு கூடுதலாக. அதிபர் தன் பங்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடவும் மறந்து, கல்லின் முன்னால் நின்றிருந்தார்.

வழி சொன்னவர் மலசலகூடத்தைக் கட்டிய மேசன் பாஸ்தான்.

"எதுக்கு சேர் கவலப்படுறீங்க? கல்லுக்கும் முதுகு இருக்குல்ல. திருப்பிப் போட்டு புதியவரு பேர வெட்டிருவோம்."

"அப்ப பழையவரு?"

"அவரு செவுத்தப் பாத்துக்கிட்டு கெடக்கட்டும். இவரும் தோத்தாருன்னா மறுபடி திருப்பிக்கலாம்."

"மெதுவா பேசுங்க பாஸ்!" என்று அதிபர் நாலு பக்கமும் பார்த்தார். ஆனால் அன்றைக்கே கல் கழன்றது.

புது அமைச்சர் வரவும் இரண்டு மாதமானது. நல்ல நேரம் குறித்துக் கொடுத்தவர் அமைச்சரின் சொந்தச் சோதிடர். அன்று அமைச்சருக்கு வரும் வழியில் வேறு மூன்று திறப்பு விழாக்கள். மூன்று இடத்திலும் இளநீர். எங்கள் வளைந்த பாதையில் குலுங்கி ஏறி, அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

நானும் செல்வராணியும் ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றோம். அதனால் அவர் அதிபரின் காதில் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"அதிபர், பாத்ரூம் எங்க இருக்கு?"

"அதத்தான் சேர் நீங்க திறக்கப் போறீங்க."

"அப்ப திறங்க!"

"நல்ல நேரத்துக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிசம் இருக்குங்க சேர்..."

அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார். கழுத்து மாலையைக் கழற்றிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, அதிபர் காட்டிய தகரக் கதவுக்கு வேகமாக நடந்தார்.

அன்றைக்கென்று நல்ல காற்று. அதிபர் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேளக்காரர்கள் முதல் பெற்றோர் வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அதிபர், விட்டுறாதீங்க!" உள்ளேயிருந்து குரல்.

"புடிச்சிக்கிட்டுத்தான் சேர் இருக்கேன்!"

"அதிபர் சேரப் பாட்டும் பாடச் சொல்லவா?" என்றாள் செல்வராணி என் காதில். சிரிப்பை அடக்கியதில் கையிலிருந்த ஆரத்தி தளும்பியது.

வெளியே வந்த அமைச்சரின் முகத்தில் சிரிப்பில்லை.

"இதுக்கா புள்ளைங்க போறாங்க? புதுசக் கட்டி எத்தன நாளாச்சு?"

அதிபர் வாய் திறப்பதற்குள் செல்வராணி சொல்லிவிட்டாள். "அஞ்சு மாசம் சேர். நீங்க வரணும்னு பூட்டி வச்சிருக்காங்க."

அமைச்சர் நல்ல நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. நேரே போய் ரிப்பனை வெட்டினார். மேளம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கல்லின் திரையை விலக்க அவருக்கும் ஞாபகமில்லை, எங்களுக்கும் ஞாபகமில்லை. செல்வராணி தன் தட்டையும் என் கையில் திணித்துவிட்டு முதல் ஆளாக உள்ளே ஓடினாள். டக்கென்று கொண்டி விழுந்த சத்தம் வெளியே கேட்டது.

அதற்குப் பிறகு என் பக்கத்து இடம் காலியாகக் கிடக்கவில்லை.

இப்போது நான் கண்டியில் வேலை செய்கிறேன். வாக்கு மட்டும் இன்னும் ஊரில்தான். அந்தப் பள்ளிக்கூடமே வாக்களிப்பு நிலையம். கடைசித் தேர்தலுக்குப் போனபோது, மையிட்ட விரலோடு மலசலகூடத்தையும் எட்டிப் பார்த்தேன். இடையில் அரசாங்கம் எத்தனையோ தடவை மாறிவிட்டது. கல்லை யாரும் திருப்பவில்லை. மேசன் பாஸ் வேலைக்காகக் கட்டாருக்குப் போய்விட்டார். பாசி படர்ந்து, எந்தப் பக்கம் யார் என்பதும் தெரியவில்லை.

உள்ளே போய்க் கொண்டியைப் போட்டேன். வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாக விழுந்தது. ஆனாலும் வெளியே யாரோ நிற்க வேண்டும் போல ஒரு கணம் தோன்றியது.

செல்வராணி இப்போது கம்பளையில் டீச்சர். திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து அவளுக்கு எழுதினேன்: "நம்ம கொண்டி இன்னும் நல்லாத்தான் இருக்கு."

பதிலுக்கு வந்தது ஒரு வொய்ஸ் நோட். அதே பாட்டு. ராகம் இன்னமும் பிழை. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்... நான் நிறுத்தவில்லை.