நான் கேட்காத பூ

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். சுண்ணாம்பு கொதித்துத் தெறித்து என் வலது கண்ணில் விழுந்தது. அலறினேன். தண்ணீர்க் குடத்துக்குக் கையை நீட்டியபோது என் வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். "தண்ணி ஊத்தாத, இன்னும் கொதிக்கும்" என்று விளக்கெண்ணெயை ஊற்றினார். சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் நானும் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மலையூர் புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "உடனே தண்ணி ஊத்திக் கழுவலையா? நெறைய ஊத்தியிருந்தா இவ்ளோ எரிஞ்சிருக்காதே" என்றுதான் நர்சம்மா முதலில் கேட்டார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

சித்திரைக்குள் அந்தக் கண்ணை வெள்ளைப் படலம் மூடிவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. நான் வாய்க்காரி. "கண்ணப் பொசுக்கிட்டு இன்னா மூஞ்சிய வச்சிக்கினு சோறு கேக்கற?" என்று அவரை ஏசாத நாளில்லை. அவர் எழுந்துபோய் என் மருந்தை எடுத்து வருவார். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

வேலூரில் ஒரு கண் டாக்டரம்மாவைப் பார்த்தோம். "கருவிழி ஓரத்துல புதுத்தோல் வளர்த்துக் குடுக்கற ஸ்டெம் செல் இருக்கும்மா. சுண்ணாம்பு அத எரிச்சிடுச்சி. ஆராய்ச்சி பண்ணி இதுக்கு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. உங்க நல்ல கண்ணுல இருந்து கொஞ்சம் எடுத்து இதுல வைக்கணும்" என்றார். நல்ல கண் என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. மிச்சத்தைக் கேட்காமல் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். இருக்கிற ஒரு கண்ணும் போனால் நான் என்ன செய்வேன்?

"நம்ம சாமி வேடியப்பன்கிட்ட பூ கேட்டுப் பாக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. பூசாரி தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார். ஒன்றை நாம் எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. நான் தந்திரமாகக் கேட்டேன். "ஆபரேஷன் வேணாம், இப்படியே இருந்துடறேன். சம்மதமா, சாமி?" என்றேன். எடுத்துப் பிரித்தேன். சிவப்பு. இப்படியே இருக்காதே, போ என்கிறது சாமி.

"மறுபடி போடுங்க."

"ஒரு தபாதாம்மா. புடிச்ச பூ வர்ற வரிக்கும் பொறுக்க இது இன்னா சந்தையா?" என்றார் பூசாரி.

சாமி மேல் கோபத்தோடுதான் வேலூருக்குத் திரும்பிப் போனேன். இந்த முறை டாக்டரம்மா காகிதத்தில் வரைந்து காட்டினார். கண்ணை எடுக்கப்போவதில்லை. ஓரத்திலிருந்து அரிசி முனை அளவு எடுத்து, துண்டு துண்டாக்கி, எரிந்த கண்ணில் ஒரு மெல்லிய சவ்வு மேல் வைப்பார்களாம். கேழ்வரகு நாற்று மாதிரி அது பிடித்து வளருமாம். "ஆனா எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல முடியாதும்மா" என்றும் சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டு. ஒரே இருட்டு. "வேடியப்பா, நீதான் போகச் சொன்ன. நீதான் பாக்கணும்" என்று முனகிக்கொண்டே கிடந்தேன். வீட்டுக்காரர் என் கையை விடவில்லை. மறுநாள் நல்ல கண்ணின் கட்டைப் பிரித்தார்கள். ஜன்னல் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மற்றக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டபடி மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஐப்பசியில் டாக்டரம்மா நல்ல கண்ணை மூடச் சொன்னார். "எதிர்ல யாரும்மா?"

கலங்கலாக ஒரு முகம். நரைத்த தாடி. கன்னத்தில் ஈரம்.

"இந்த ஆளுதான்" என்றேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "போய்யா, நீ வேணும்னா செஞ்ச?" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது.

பார்வை முழுதாகத் திரும்பவில்லை. சாமையில் கல் பொறுக்கும் அளவுக்கு இருக்கிறது, எனக்குப் போதும். நான் ஆசைப்பட்ட வெள்ளைப் பூவை வேடியப்பன் கொடுத்திருந்தால் இன்றும் வீட்டில் கிடந்து அவரைத் திட்டிக்கொண்டிருப்பேன். நீங்களும் சாமியிடம் கேளுங்கள். பிடிக்காத பூ கைக்கு வந்தாலும் நம்பிப் புறப்படுங்கள். இப்போது கோயிலுக்குப் போனால் நான் எதுவும் கேட்பதில்லை. கும்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரரோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.